ஒற்றைக் கண்ணுக்கு அனுப்பிய கண்ணாடி

வெள்ளவத்தை
2025 யூன் 9

சயந்தனுக்கு அப்பம்மா எழுதுவது.

போனில் ஒன்றும் கதைக்க வேண்டாம் என்று நீ நதாவுக்கு அனுப்பிய ஒற்றை வரியைப் பார்த்தேன். கீழ் வீட்டுப் பிள்ளை நதா கூரியர் கடையில் வேலை செய்வது இப்போது உதவுகிறது. எழுதி முடித்ததும் இதை அவள் கையில் கொடுப்பேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு கண்ணால் எழுதுகிறேன், வரி மேலே கீழே போகும். அதைப் பார்க்காதே, சொல்வதைப் பார்.

உன் பெட்டி வந்து சேரவில்லை. பேலியகொடை ஸ்டோரிலிருந்து வெளிநாட்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்த நிஸாமின் வான் மருதானையில் ஒரு ஓட்டோவோடு மோதியிருக்கிறது. பின்கதவு திறந்து பெட்டிகள் றோட்டில் விழுந்தன. உன்னுடையது வெடித்து, அதற்குள் இருந்த பால்மாப் பேணி உருண்டு போய் ஒரு பொலிஸ்காரனின் சப்பாத்தில் முட்டி நின்றதாம். மூடி கழன்ற பேணிக்குள் பால்மா இல்லை. ரப்பருக்குள் புதைத்த ஒரு கறுப்புக் குழாய். அவன் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தானாம். பார்த்த கையோடு றோட்டை மறித்துவிட்டார்கள். அன்று கொண்டு போன நிஸாமை இன்னும் விடவில்லை. நதா கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டுப் பக்கம் போய் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னது இவ்வளவும்.

நான் உன்னிடம் கேட்டது என்ன? ஆடிவேல் திருவிழாவுக்கு வீதியில் போய் நிற்க என் காலால் முடியாது. ஐந்தாம் மாடி பல்கனியில் நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் காலிக்குப் போகிற பெரிய வீதி ஒடுங்கிய கீலமாகத் தெரியும். தேர் அந்தக் கீலத்தைக் கடக்கும்போது அதில் வரும் வேலாயுதத்தை ஒரு தரம் கிட்டப் பார்க்க வேண்டும். போன வருடம் நீ அனுப்பிய இரண்டு கண் சாமான் எனக்கு உதவவில்லை, இடக்கண் ஒப்பரேசனோடு போய்விட்டது. ஒற்றைக் கண்ணுக்கு ஒன்று இருந்தால் அனுப்பு என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

நீ அனுப்பியது என்ன சாமான்? அதை ஏன் பால்மாப் பேணிக்குள் ஒளித்தாய்?

நிஸாம் யாருடைய மகன் என்று உனக்குத் தெரியும். அவன் நம் வீட்டுக்குப் பெட்டி கொண்டு வருவதே எனக்குப் பிடிக்காது. வாசலோடு வாங்கி வாசலோடு அனுப்புவேன். தண்ணீர் கேட்டால் நதா வீட்டைக் காட்டுவேன். அப்படிப்பட்ட என்னை இன்று அவனுக்காக விளக்கு வைக்கப் பண்ணிவிட்டாய். பதில் எழுது. உண்மையை எழுது.

அப்பம்மா


ஒஷாவா
2025 யூன் 16

அன்பின் அப்பம்மாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. என் பிழைதான். ஆனால் நான் எதையும் ஒளிக்கவில்லை, அதை முதலில் நம்புங்கள்.

கண்ணாடிக் கொம்பனியில் வேலை என்று உங்களுக்குச் சொல்லி வந்தேன். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. நாங்கள் சோதிக்கும் கண்ணாடி துவக்கின் மேல் பூட்டுவது. தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும், நடுவில் குறி வைக்கக் குறுக்குக் கோடு இருக்கும். இங்கே மான் வேட்டைக்காரர்கள் வாங்குவார்கள். ஸ்கோப் என்பார்கள். சித்தப்பாவை நினைத்துத்தான் அந்தச் சொல்லை உங்களிடம் சொல்லாமல் விட்டேன்.

செய்கிற கொம்பனிகள் எங்கள் லாபுக்கு அனுப்பும். உடைக்கப் பார்ப்பதுதான் என் வேலை. இரும்புக் கட்டையில் பூட்டி, வெடி வைக்காமலே வெடியின் உதையைக் கொடுக்கும் இயந்திரத்தில் நாள் முழுக்க உதைக்க விடுவேன். பனிப்பெட்டியில் உறைய வைத்து எடுத்த கையோடு சூட்டு அடுப்பில் வைப்பேன். தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, ஒரு குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். நெஞ்சு உயரத்திலிருந்து சீமெந்தில் விழுத்துவேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரே ஒரு கேள்விதான். எதிர்ச் சுவரில் அசையாத ஓர் அடையாளம் இருக்கிறது. முதல்நாள் குறுக்குக் கோடு அதன்மேல் எங்கே நின்றதோ, இத்தனை அடிக்குப் பிறகும் அங்கேயே நிற்கிறதா? நின்றால் நம்பலாம். கொஞ்சம் விலகினாலும் கழிவு.

உங்களுக்கு அனுப்பியது கழிவு. நான் சோதித்ததிலேயே ஆகத் துப்புரவான கண்ணாடி அதுதான். காலையில் ஜன்னலால் பார்த்தால் ஏரிக் கரையில் நிற்கும் குருவியின் கழுத்து மயிர் தெரியும். ஆனால் குளிரும் உதையும் பட்ட பிறகு கோடு ஒவ்வொரு தரமும் ஒவ்வோர் இடத்தில் போய் நின்றது. பார்க்க நல்லது, சுட உதவாது. கழிவை நொறுக்கிவிட வேண்டும் என்பது சட்டம். அதற்கு முதல் படியாக, அதில் பொறித்திருந்த இலக்கத்தை அரைத்து அழித்தேன். நொறுக்க மனம் வரவில்லை. ஒற்றைக் கண்ணுக்கு என்று நீங்கள் கேட்டது நினைவு வந்தது.

பேணிக்குள் வைத்தது உடையாமல் வர. பெட்டிகளை எப்படி எறிவார்கள் என்று எனக்குத் தெரியும், எறிந்து பார்ப்பதுதானே என் தொழில். ரப்பரை அளந்து வெட்டி, கொஞ்சமும் ஆடாமல் அதற்குள் இறுக்கினேன். விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை பாருங்கள். அதுதான் இப்போது எமனாகிவிட்டது.

தயவுசெய்து ஒருவரிடமும் வாய் திறக்காதீர்கள். அனுப்பியவர் இடத்தில் ஏஜென்சியின் பெயர்தான் இருக்கிறது. எடுப்பவர் இடத்தில் நிஸாமின் பெயர். வயதான ஆட்கள் ஸ்டோருக்குப் போய்க் கையெழுத்து வைக்க முடியாது என்று எல்லாவற்றையும் அவன் தன் பெயரிலேயே எடுப்பான். பெட்டியில் மார்க்கரால் எழுதிய ஓர் இலக்கம் மட்டும். அது எந்த வீடு என்று தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான். அவன் இன்னும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இதற்குள் உங்கள் வாசலுக்கு வந்திருப்பார்கள்.

சயந்தன்


வெள்ளவத்தை
2025 யூன் 25

சயந்தன்,

துவக்குச் சாமான். அதை எனக்கு அனுப்பியிருக்கிறாய். கொழும்பில் இருக்கிற ஒரு தமிழ்க் கிழவிக்கு, இலக்கத்தை அரைத்து, பால்மாப் பேணியில் அடைத்து. பதினாலு வயதில் இங்கிருந்து போனவன் நீ. போனதோடு இந்த ஊரையும் மறந்துவிட்டாய். எனக்கு ஒன்றும் மறப்பதில்லை, அதுதான் என் வியாதி.

நதாவை லோயர் ஸஹாப்தீனிடம் அனுப்பினேன். நிஸாமுக்காக நிற்பவர் அவர். தூரத்துச் சொந்தக்காரி மாதிரிப் போய்க் கேட்டு வரச் சொன்னேன். இரண்டு காரியம் நடக்க வேண்டுமாம். ஒன்று, பெட்டிக்குச் சொந்தக்காரர் முன்னால் வர வேண்டும். மற்றது, சாமான் துவக்கில் பூட்டினால் உதவாது என்று, சோதித்தவன் பெயர் வைத்து எழுதித் தர வேண்டும். அவர்கள் அதன் வழியாகப் பார்க்கிறார்கள், பளிங்கு மாதிரித் தெரிகிறது, முதல் தரச் சாமான் என்கிறார்கள். இலக்கத்தை ஏன் அழித்தாய், யாரைச் சுட என்று அவனைக் கேட்கிறார்கள். கேட்கிற விதம் எப்படி என்று லோயர் நதாவுக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையில்லை.

உன் சித்தப்பா ஜனாவின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். மிச்சத்தைக் கேள்.

தொண்ணூற்றாறில் கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கும் நளீபாவின் வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் அடுப்பில் மீன் பொரித்தால் என் அடுப்படி மணக்கும். ஜனா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலைந்து நாள்தான், பொலிஸில் பெயர் பதிய இன்னும் போகவில்லை. பொலிஸ் வந்து அவள் வாசலில் நின்று, இந்தப் பக்கம் புதிதாக யார் வந்தது என்று கேட்டது. அவள் அகப்பையோடு வெளியே வந்தாள். 'பக்கத்து ஊட்டுக்கு ஒரு பெடியன் வந்தீக்கான்' என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று என் காதால் கேட்டேன். பொய் சொல்லவில்லை, வந்தது வந்ததுதான். ஆனால் அவளிடம் யார் உண்மை கேட்டது? தெரியாது என்று சொல்லிவிட்டு மீனைப் பிரட்டப் போயிருக்கலாம். அன்றே ஜனாவைக் கொண்டு போனார்கள்.

உன் சித்தப்பா திரும்பி வரும்போது நீ தவழ்கிற பிள்ளை. வந்தவன் யாராவது வாசலுக்கு வந்தால் எழும்பி நிற்பான். இரு என்று சொல்லும்வரை நிற்பான். சோறு போட்டால் சாப்பிடு என்று சொல்ல வேண்டும். ஒருநாள் கடற்கரை ரயில் பாதைப் பக்கம் நடந்து போனான். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

அந்த நளீபாவின் மகன் இன்று என் பெட்டிக்காக உள்ளே இருக்கிறான். லோயர் கேட்ட கடுதாசியை அனுப்பு.

அப்பம்மா


ஒஷாவா
2025 யூலை 3

அன்பின் அப்பம்மாவுக்கு,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

பெயர் இல்லாமல் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அந்தக் குழாய் உதவாது, எந்தத் துவக்கு நிபுணரும் பூட்டிப் பார்க்கலாம் என்று தெளிவாக இருக்கிறது. அதை லோயரின் கதவுக்குக் கீழால் போடச் சொல்லுங்கள். பெயர் வைத்து எழுதினால் எனக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கு விளங்க வேண்டும். நொறுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு போனது களவு. அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்பியது அதைவிடப் பெரிய குற்றம். குடியுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், அது நின்றுவிடும். வேலை போகும். ஹம்சிகாவுக்கு இப்போது வயிற்றில் ஐந்தாம் மாதம். எங்களைத் திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போது என்னை யார் காத்துக்கொண்டு நிற்பார்கள்?

ஏஜென்சிக்காரன் கடையைப் பூட்டிவிட்டான். என் பெயர் எங்கேயும் இல்லை.

கோபிக்காமல் கேளுங்கள். சின்ன வயதில் நான் சாப்பிடாமல் அடம்பிடித்தால் நளீபாவின் பெயரைச் சொல்லித்தானே ஏசுவீர்கள். 'அவளின்ர பிள்ளைக்கும் ஒருநாள் தெரியும்' என்று விளக்கு வைக்கும்போது சொல்வீர்கள், நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். இதை நாங்கள் தேடிப் போகவில்லை, அதுவாக நடந்திருக்கிறது. அந்த மனுசி வாய் திறந்தபடியால் சித்தப்பா போனார். இப்போது நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால் போதும். அவனுக்கு லோயர் இருக்கிறார். ஒன்றும் நிரூபிக்க முடியாது, எப்படியும் ஒருநாள் விடுவார்கள்.

இதை எழுதும்போது மனதுக்கு நன்றாக இல்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.

சயந்தன்


வெள்ளவத்தை
2025 யூலை 12

சயந்தன்,

உன் மொட்டைக் கடிதத்தை நதா கொண்டு போனாள். லோயர் படித்துவிட்டு மடித்து அவளிடமே கொடுத்தாராம். 'இத நீதவானுக்குக் காட்டினா நானே எழுதினேன் எண்டு செல்லுவாங்க' என்றாராம். அடுப்பில் போட்டுவிட்டேன்.

நான் விளக்கு வைக்கும்போது சொன்னதை ஞாபகப்படுத்தினாய். சொன்னேன்தான். ஒரு நாளும் தவறாமல் சொன்னேன். ஆனால் கடவுளிடம் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை. அதைச் செய்து முடிக்கச் சொல்லி உனக்கு யார் வேலை தந்தது?

செவ்வாய்க்கிழமை நளீபா வந்தாள். லிப்ட் வேலை செய்யவில்லை, ஐந்து மாடியும் ஏறி வந்திருக்கிறாள். கதவைத் திறந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். முழங்கால் வீங்கியிருக்கிறது. இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு கிட்டப் பார்க்கிறேன், பல்லெல்லாம் போய்விட்டது.

"ஈஸ்வரி அக்கா, உள்ளுக்கு வரட்டா?"

"அங்கயே நில்லும்."

"நிக்கிறன்."

"என்னத்துக்கு வந்தனீர்?"

"பொட்டி உங்கடதா எண்டு கேக்க வரல்ல. எனக்குத் தெரியும். அவன் நம்பர் வெச்சிக் குடுக்கிற நேரம் நான்தான் பக்கத்தில ஈந்த."

"பிறகென்ன? போய்ச் சொல்லும். வாசலில நிண்டு சொல்லிப் பழக்கம்தானே."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

"பயப்பட வாணாம் எண்டு செல்ல வந்தேன். அவன் செல்ல மாட்டான். பாக்க உட்ட நேரம் அவன்ட காதுக்குள்ள நான் செல்லிட்டு வந்தீக்கேன். ஒரு தரம் நம்மட வாயால அந்த ஊட்டுப் புள்ள போனது, இந்தத் தரம் வாயத் தொறக்காதீங்க மகன் எண்டு."

"அங்க அவனை அடிக்கிறாங்களோ?"

"கையத் தூக்க ஏலாம ஈக்கி. சட்டைய நான்தான் மாட்டி உட்டன்."

"அதுக்குப் பிறகும் சொல்லாதே எண்டனீரோ?"

"ஓம். ஜனாட கணக்கு இதோட தீரட்டும் அக்கா."

நான் கதவைச் சாத்தினேன். அவள் படியில் இறங்குகிற சத்தம் கடைசி மாடிவரை கேட்டது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினாள்.

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரக்கம் என்று நினைக்காதே. எரிச்சல். இவ்வளவு காலமும் அவள் எனக்குத் தர வேண்டியவளாக இருந்தாள். அதை வைத்துத்தான் நான் எழும்பினேன், படுத்தேன். இப்போது தன் பிள்ளையின் கையை முறிக்கக் கொடுத்துவிட்டு, தீர்ந்தது என்று எழுந்து போகப் பார்க்கிறாள். விட மாட்டேன். ஜனாவுக்குப் பதிலாக நான் ஒன்றும் வாங்க மாட்டேன். அவள் தருவதற்கு ஒன்றும் இல்லாமல் கடைசிவரை என் முன்னால் நிற்க வேண்டும். அதற்கு அவள் மகன் வீட்டுக்கு வர வேண்டும்.

ஆகையால் நான் பொலிஸுக்குப் போகிறேன். லோயரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டி என்னுடையது, நான் கேட்டு வந்தது என்று சொல்லப்போகிறேன். பேரன் அனுப்பினான் என்றும் சொல்வேன், பொய் சொல்லி மாட்டிக்கொள்ள எனக்குத் தெரியாது. நீ கடுதாசி அனுப்பினால் அவனை விட ஒரு வழி இருக்கிறதாம். அனுப்பாவிட்டால் அவனோடு என்னையும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். நான் சரி என்றேன்.

இத்தனை வருடமாக எது அடியைத் தாங்கும், எது தாங்காது என்று சோதித்து எழுதுகிறாயே. உன் பெயரை வைத்து எழுத முடியாத சோதனைக்கு ஏன் சம்பளம் வாங்கினாய்?

அப்பம்மா


ஒஷாவா
2025 யூலை 19

அப்பம்மா,

இத்துடன் நான்கு பக்கம் இருக்கிறது. என் முழுப்பெயர், வேலை இலக்கம், கையெழுத்து, நொத்தாரிசின் முத்திரை எல்லாம் உண்டு. எந்தச் சோதனையில் கோடு எவ்வளவு விலகியது என்று படத்தோடு எழுதியிருக்கிறேன். இலக்கத்தை அரைத்தது நான், எங்கள் லாபில் கழிவுக்கு அப்படித்தான் செய்வோம் என்றும் எழுதியிருக்கிறேன். பேணி, ரப்பர், என் பொதி கட்டும் முறை எல்லாம் இருக்கிறது. நொறுக்காமல் எடுத்தது நான். அனுமதி இல்லாமல் அனுப்பியது நான். நிஸாமுக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது. இதன் பிரதியை லோயருக்கும் நேரே அனுப்பிவிட்டேன்.

அனுப்புவதற்கு முதல் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர், 'ஒரு கடையில் தொலைநோக்கி வாங்கி அனுப்பியிருக்கலாமே' என்றார். நானும் அதைத்தான் இப்போது ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். என் மேசையை இன்னொருவன் காலி பண்ண, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் நல்லது என்று எழுதிய எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கப் போகிறார்களாம். அதுதான் வேலை போனதைவிடச் சுட்டது. இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள்.

ஹம்சிகா இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. நேற்று மட்டும், 'அப்பம்மா நேரத்துக்குச் சாப்பிடுறாவோ எண்டு கேட்டு எழுதுங்கோ' என்றாள்.

போன கடிதத்தில் நளீபாவைப் பற்றி நான் எழுதியதைக் கிழித்துவிடுங்கள்.

சயந்தன்


வெள்ளவத்தை
2025 ஓகஸ்ட் 24

சயந்தனுக்கு,

ஒன்றையும் கிழிக்க மாட்டேன். நீ எழுதியது நீ எழுதியதுதான். ஆனால் அந்த நான்கு பக்கமும் நீ எழுதியதுதான். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஹம்சிகாவிடம் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லு. பிள்ளை பாரம் தூக்கக்கூடாது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். லோயரோடும் நதாவோடும் பொலிஸுக்குப் போனேன். பெரிய அறை, மின்விசிறி இருந்தும் புழுக்கம். மேசையில் உன் பேணியும் குழாயும். அந்த அதிகாரி சின்ன வயது, என் மகன்களைவிடச் சின்னவன். குழாயைத் தொட்டுக் காட்டி, "அம்மே, மேக காகெத?" என்றான். யாருடையது என்று கேட்டான்.

"மகே" என்றேன். என்னுடையது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அது ஒன்றுதான் அன்று வாயில் வந்தது.

அவன் சிரித்துவிட்டான். அம்மா யாரைச் சுடப் போகிறா என்று கேட்டான். வேல் பார்க்க என்றேன், லோயர் சிங்களத்தில் சொன்னார். எப்படிப் பார்ப்பாய், பார்த்துக் காட்டு என்று குழாயை என் கையில் தந்தான். கனமான சாமான். வலக்கண்ணில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். முதலில் இருட்டு. பிறகு வட்டமாக வெளிச்சம், நடுவில் நீ சொன்ன அந்தக் கோடு. முற்றத்தின் அந்தக் கரையில் ஓர் ஆளை இரண்டு பேர் நடத்திக்கொண்டு வந்தார்கள். ஒரு கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நடந்தான். கோடு அவன் நெஞ்சில் நின்றது. நிஸாம்.

இறக்கி மேசையில் வைத்துவிட்டேன். நல்ல கண்ணாடிதான். நீ சொன்னது உண்மை.

அன்று என்னை இருட்டும்வரை வைத்துக் கேட்டார்கள். ஜனாவின் பெயர் அவர்களிடம் இன்னும் இருக்கிறது, கடைசியில் அதையும் எடுத்தார்கள். நான் மறக்காதவள் என்று நினைத்திருந்தேன். அவர்களும் மறப்பதில்லை. பிறகு உன் கடுதாசி வந்து சேர்ந்தது. அதை அப்படியே நம்பவில்லை. தங்கள் ஆளைக் கொண்டு துவக்கில் பூட்டிச் சுட்டுப் பார்த்தார்களாம். ஒரு குண்டு விழுந்த இடத்தில் மற்றது விழவில்லை, நீ எழுதிய மாதிரியே. அதற்குப் பிறகுதான் நீதவான் அவனைப் பிணையில் விட்டார். என்னையும் பிணையில்தான் விட்டிருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். நதா கூட்டிக்கொண்டு போவாள்.

இதற்கு நடுவில் ஆடிவேல் வந்து போய்விட்டது. மேளம் கேட்டது. பல்கனிக்கு எழும்பிப் போகவில்லை.

நேற்றுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நம் பழைய வீட்டில் இப்போது யாரோ டெய்லர் கடை வைத்திருக்கிறார்கள். நளீபாவின் வாசலில் நின்று கூப்பிட்டேன். கதவைத் திறந்தவள், "வாங்கோ" என்று மட்டும் சொன்னாள். நிஸாம் கதிரையில் இருந்தான். மொட்டை அடித்து, கை கழுத்தில் தொங்கும் துணித் தூக்கில். முன்பெல்லாம் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்து மாடியும் பாட்டுப் பாடி ஏறுவான், அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"மகன், ஆரு வந்தீக்கிற எண்டு பாருங்க" என்றாள் நளீபா.

அவன் எழும்பி நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் கதைக்காமல் நின்றோம். அவனும் நின்றான். நளீபாவுக்கு விளங்கவில்லை, அவள் மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு விளங்கியது.

"இரு தம்பி" என்றேன்.

இருந்தான்.

இத்தனை அடிக்குப் பிறகு கோடு முதல் நின்ற இடத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்ப்பதாக எழுதியிருந்தாய். நான் பார்த்தேன். வரவில்லை.

நளீபா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். நான் குடிக்கவில்லை. குடியுங்கோ என்று அவளும் சொல்லவில்லை. அவன் நின்ற விதத்தை நான் எங்கே கண்டிருக்கிறேன் என்று அதற்குள் அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். பெட்டி என்னுடையது, அதை அனுப்பியது என் பேரன். கணக்குத் தீரட்டும் என்று ஐந்து மாடி ஏறி வந்து கேட்டவள், நேற்று அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, நான் செருப்பைப் போடும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. இவ்வளவு காலமும் நான் அவளைப் பார்த்த பார்வை. அவளும் என்னைப் போல ஒன்றையும் மறக்காதவள், இந்தக் கணக்கைப் பத்திரமாக வைத்திருப்பாள்.

அப்பம்மா